பத்திரம் பதிவானால் மனை உங்களுடையதாகிவிடுமா?

ஞாயிறு காலை பத்து மணி. உடுமலையைத் தாண்டி மடத்துக்குளத்தை நோக்கி வரும் நெடுஞ்சாலையோரம், தென்னந்தோப்பு இருந்த இடத்தில் துணிப்பந்தல் நிற்கிறது. பெயர்த்தெடுத்த தென்னந்தூர்கள் இன்னும் அகற்றப்படாமல் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன. ஜேசிபி சமன்செய்த மண்ணில் வரிசையாகக் கற்கள். வெள்ளையடித்து, சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து வேனில் வந்திறங்கிய குடும்பங்கள் ஃப்ளெக்ஸ் வரைபடத்தின் முன் நின்று, கிழக்குப் பார்த்த சைட்டு எது, கார்னர் எது என்று தேடுகின்றன. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது, சீட்டு எடுத்தது, பி.எஃப்.இலிருந்து வரப்போவது, அடகுக்குப் போகக் காத்திருக்கும் நகை என எல்லாம் இந்தப் பந்தலில்தான் கைமாறப் போகின்றன. "இன்னைக்கு டோக்கன் போட்டுட்டீங்கன்னாத்தான் இந்த ரேட்டுங்க அக்கா. பத்திரம் உங்க பேர்லயே ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்தர்றோம். அப்பறம் என்னங்க பயம்?"

பயப்பட வேண்டியதே அங்குதான். பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் நம்முடையது என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம் நாட்டில் பதிவுத்துறை பதிவு செய்வது ஆவணத்தை மட்டுமே. விற்றவருக்கு அந்த நிலத்தில் உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவரின் தலையில் இருக்கிறது. அப்படியிருக்க, அந்தச் சரிபார்ப்பு பதிவுக்கு முந்தைய நாள் நடந்தால் போதாது. முதல் ரூபாய் கைமாறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பதிவாளர் எதைப் பார்க்கிறார்?

2025 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. கே.கோபி எதிர் சார்பதிவாளர் என்ற அந்த வழக்கில், முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(i) செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளருக்குக் கிடையாது. நடைமுறைகளை நிறைவேற்றி, முத்திரைத்தீர்வையும் கட்டணமும் செலுத்தியிருந்தால் அவர் பதிந்தாக வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். மூலப்பத்திரத்தைக் கட்டாயமாக்க அதே மாதத்தில் சட்டப்பேரவை ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. நல்ல முயற்சிதான். ஆனால் மூலப்பத்திரம் கையில் இருப்பதாலேயே அதிலுள்ள நிலம் முழுவதும் விற்பவருக்கே சொந்தம் என்று ஆகாது. அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு அதில் எத்தனை பங்கு என்பதை அந்தத் தாள் சொல்லாது.

மோசடிப் பத்திரம் என்று தெரிந்தபின் ரத்து செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். மாவட்டப் பதிவாளரே போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை பதிவுச் சட்டத்தில் 2022இல் நடைமுறைக்கு வந்த 77ஏ என்ற பிரிவு தந்திருந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. உரிமைச் சிக்கலைத் தீர்க்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம்தான் என்ற நிலை மீண்டும் வந்துவிட்டது. தையல் மெஷினில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் ஒரு குடும்பம் வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு அலைந்தால் என்னவாகும் என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

மடத்துக்குளத்து மண், மடத்துக்குளத்து ஆவணம்

பொதுவான அறிவுரையை எங்கும் கேட்கலாம். இந்த ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாவதற்கு முன் இது கோவை மாவட்டம். மடத்துக்குளம் வட்டமும் உடுமலைப்பேட்டை வட்டத்திலிருந்து பிரிந்ததுதான். எனவே பழைய பத்திரங்களில் கோயம்புத்தூர் மாவட்டம், உடுமலைப்பேட்டை வட்டம் என்றே இருக்கும். சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் காலப்போக்கில் மாறக்கூடியவை. இன்றைய அலுவலகத்தில் மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திருப்திப்படக் கூடாது. நிலம் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேட்டு அங்கேயும் தேட வேண்டும். இணையத்தில் 1975 முதலான வில்லங்க விவரத்தைப் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும்.

அடுத்து, அமராவதி ஆறு. கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர் என்று ராஜவாய்க்கால்கள் பாயும் பழைய ஆயக்கட்டு இது. இங்கே நஞ்சை என்று பதிவேட்டில் இருக்கும் வயலை மனையாக்குவது, தென்னந்தோப்பை அழித்துக் கல் நடுவதுபோல அவ்வளவு எளிதல்ல. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017ஆம் ஆண்டு விதிகள் தனி நடைமுறை வைத்திருக்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. ஆவணம் ஒருபுறம் இருக்கட்டும். வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதங்களில் சுற்றிலும் வயல் நனைந்து கிடக்கும்போது நடுவில் மண் கொட்டி மேடாக்கிய மனையில் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். கொட்டிய மண் இறங்கும். அதன்மேல் எழுப்பிய சுவர் வெடிக்கும். கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரும்வரை அஸ்திவாரம் தோண்ட எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் கேட்டு, அந்தத் தொகையை மனை விலையோடு கூட்டிப் பார்த்தால் 'மலிவு' எங்கே போனது என்று தெரியும்.

வாய்க்கால் கரையில் இன்னொரு சிக்கல், தடம். கரைமேல் வண்டி போகிறது என்பதற்காக அது பாதை ஆகிவிடாது. கரை அரசுப் புறம்போக்கு. பத்திரத்தில் தடப் பாத்தியம் எழுதியிருக்க வேண்டும், புலப்படத்தில் பாதை தெரிய வேண்டும். மனைப்பிரிவுச் சாலை என்றால் அது உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். முன்னால் இருக்கும் தோட்டத்துக்காரர் ஒருநாள் கம்பிவேலி போட்டால் வீடு வரை ஆம்புலன்ஸ்கூட வர முடியாது.

கொழுமம், கடத்தூர் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் பழங்கோயில்கள் இருக்கின்றன. பழங்கோயில் இருக்கும் ஊரில் கோயில் நிலமும் இனாம் நிலமும் இருக்கலாம் என்ற கவனம் வேண்டும். அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனை செல்லாது; எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. கிராமத்தின் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான். பொள்ளாச்சி–மடத்துக்குளம்–ஒட்டன்சத்திரம் நான்குவழிச் சாலையை ஒட்டிய மனை என்றால், அந்தப் புல எண்ணில் எந்தப் பகுதி சாலைக்குக் கையகப்படுத்தப்பட்டது என்றும் கேட்க வேண்டும். சாலை வந்ததால் விலை ஏறிய நிலத்தில்தான், சாலைக்குப் போன துண்டையும் சேர்த்து அளவு சொல்லும் ஆபத்தும் இருக்கிறது.

[பெட்டிச் செய்தி] டோக்கன் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை அறுபடாத நகல் வரிசை. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம். அதற்கும் முன்னே போக முடிந்தால் இன்னும் நல்லது. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம். மனைப்பிரிவு என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண், கூடவே ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவெண். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவு எதுவும் ரெராவில் பதிவாகாமல் விற்பனைக்கு வர முடியாது. வங்கியில் அடமானம் இருக்கிறதா என்று செர்சாய் இணையதளத்திலும், வழக்கு இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் தேடலாம். கடைசியாக, சர்வேயரை வைத்து அளந்து கல் சரிபார்ப்பது.

பெண்பிள்ளைகளின் கையெழுத்து

இந்த வட்டாரத்தில் நிலப் பேச்சு முறியும் இடங்களில் முக்கியமானது இது. அப்பா காலத்துத் தோட்டம். பட்டா மகன் பேரில். பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அவர்களுக்கு என்ன பங்கு என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும். 1989இலேயே தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தின் மூலம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைத் தந்துவிட்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டத்திருத்தம் மணமானவர்களுக்கும் அதை விரித்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனைகளுக்கும் பதிவான பாகப்பிரிவினைகளுக்கும் பாதுகாப்பு உண்டு.

இதனால் வாங்குபவருக்கு என்ன? மகன் மட்டும் கையெழுத்திட்ட கிரயப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் வீடு கட்டி, பால் காய்ச்சி, ஐந்து வருடம் குடியிருந்த பிறகும், காங்கயத்திலோ தாராபுரத்திலோ வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி பாகம் கேட்டு வழக்குப் போடலாம். அவர் கேட்பது நியாயம். அதில் ஒரு தவறும் இல்லை. அவரிடம் கேட்காமல் விற்றதும், கேட்காமல் வாங்கியதும்தான் தவறு. பட்டாவில் பெயர் இல்லை என்பது இங்கே உதவாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான். 1980களில் நடந்த யூ.டி.ஆர். எனும் நிலப்பதிவேட்டுப் புதுப்பிப்புப் பணியில் விடுபட்ட பெயர்களும் தவறாக ஏறிய பெயர்களும் இன்றும் தாசில்தார் அலுவலகங்களில் மனுக்களாகச் சுற்றி வருகின்றன. வாரிசுச் சான்று கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வக்கீலிடம் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது.

அங்கீகாரமில்லாத மனையின் உண்மை விலை

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை போட்டபோது மாநிலமெங்கும் ரியல் எஸ்டேட் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல், அத்தகைய மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. இதில் ஒரு நுணுக்கத்தைத் தரகர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுபடி விற்கும்போது பதிவுக்குத் தடையில்லை. ஆகவே அங்கீகாரமில்லாத பழைய மனையும் பதிவாகும். ஆனால் வரன்முறை செய்யாதவரை அதில் கட்டட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாத இடத்துக்கு வங்கி வீட்டுக்கடன் தராது. மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் சிக்கலாகும். வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் இன்றைய உரிமையாளர் என்ற முறையில் உங்கள் தலையில் விழும்.

இன்னொரு வழி, மனை என்று சொல்லாமல் தோட்டமாகவே பத்து சென்ட், பதினைந்து சென்ட் என்று பிரிபடாத பாகமாக விற்பது. பண்ணை நிலம், வார இறுதி வீடு என்று அழகான பெயர்கள் வைக்கிறார்கள். பத்திரத்தில் அது விவசாய நிலம். உங்கள் பங்கு எந்த மூலையில் என்பதுகூட அதில் இருக்காது. பொதுஅதிகார ஆவணம் எழுதி வாங்கிக்கொள்வதும் உரிமை தராது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்டிடம் கிரயம் வாங்குவதானால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று புதிதாக இருக்க வேண்டும். அவர் இறந்த மறுகணம் அந்தப் பவரும் செத்துவிடும்.

அங்கீகரித்த மனை வைத்திருப்பவருக்கோ வேலை மிகவும் எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கைக்கு வந்துவிடுகிறது. ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அனுமதிக்காக அலைந்த காலம் முடிந்துவிட்ட பிறகும், அனுமதியே கிடைக்காத இடத்தைத் தேடி வாங்குவது எவ்வளவு பெரிய இழப்பு!

[பெட்டிச் செய்தி] பதிவுச் செலவு

கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக்கட்டணம் 1 சதவீதம் மட்டுமே. 8 லட்ச ரூபாய் மதிப்புள்ள மனைக்கு ஆண் பெயரில் 72,000 ரூபாய். பெண் பெயரில் 64,000 ரூபாய். மிச்சமாகும் 8,000 ரூபாயை வக்கீலுக்கும் சர்வேயருக்கும் செலவிடலாம்.

"ஊருக்கே தெரியும்ங்க, அவிங்க காடு"

இதையெல்லாம் சொன்னால் எழும் மறுப்புகளில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு, ஊருக்கே தெரிந்த நிலம், எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்பது. யார் உழுகிறார், யார் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்பது ஊருக்குத் தெரியும். பத்திரத்தை எந்த வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார் என்பது பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தெரியாது. வில்லங்கச் சான்றிலும் பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயில், வாய்மொழிப் பாகம், நிலுவை வழக்கு எதுவும் அதில் வராமல் போகலாம். ஊர் சாட்சியும் ஆவணமும் இரண்டுமே வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

வங்கி கடன் கொடுக்கிறதே, அவர்கள் வக்கீல் பார்த்திருப்பாரே என்பது இரண்டாவது. இதில் பாதி சரி. வங்கிக் கடன் கிடைக்காத மனையை வாங்கவே கூடாது என்பேன். கையில் முழுப்பணம் இருந்தாலும் வங்கியில் விண்ணப்பித்துப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் வங்கி பார்ப்பது தன் கடனுக்கான பாதுகாப்பை. அதுவும் நீங்கள் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அவர்களுடைய வக்கீலின் கருத்துரை வருகிறது. 'மூலப்பத்திரத்தில் குறை' என்று கடன் மறுக்கப்பட்டால் டோக்கன் பணம் திரும்புமா? திரும்ப வேண்டுமானால் அந்த நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது 2012 டிசம்பர் 1 முதல் கட்டாயம். ரெராவில் வரும் மனைப்பிரிவென்றால், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. வெள்ளைத்தாளில் எழுதிய ரசீது வழக்கில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் வருமான வரிச் சட்டப்படி கூடாது. வங்கி வழியாகச் செலுத்துவது சட்டத்துக்காக மட்டுமல்ல, பணம் போன தடம் உங்கள் பாஸ்புக்கில் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கமும் இங்கேதான் சேர்கிறது. 14 லட்சத்துக்கு வாங்கி 8 லட்சம் என்று எழுதினால் பதிவில் அரை லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று தோன்றும். நாளைக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பானால் விற்றவரிடம் நீங்கள் திரும்பக் கேட்கக்கூடியது பத்திரத்தில் உள்ள 8 லட்சத்தைத்தான். மீதி 6 லட்சத்துக்குச் சாட்சியே கிடையாது.

மூன்றாவது மறுப்புதான் வலிமையானது. அங்கீகாரமுள்ள மனை விலை அதிகம். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது எட்டாது. எட்டுவதை வாங்கிப் போட்டால் என்ன? உண்மையான வருத்தம் இது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போது சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் விட வேண்டும், கட்டணங்கள் கட்ட வேண்டும். அந்தச் செலவெல்லாம் சென்ட் விலையில் ஏறும். ஆனால் மலிவு மனையில் வரன்முறைக் கட்டணம், கடன் கிடைக்காததால் நகைக்கடனுக்கும் கந்துவட்டிக்கும் போகும் வட்டி, விற்கும்போது ஆள் கிடைக்காமல் குறையும் விலை எல்லாம் சேர்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஐந்து சென்ட் அங்கீகாரமில்லாத மனைக்கு ஆகும் பணத்தில் இரண்டரை சென்ட் அங்கீகரித்த மனை கிடைத்தால், இரண்டரை சென்ட்டை வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் ஊருக்குள் நத்தம் பட்டா உள்ள பழைய வீட்டைப் பாருங்கள். ஓடு மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் பாதை, தண்ணீர், மின்சாரம் மூன்றும் ஏற்கெனவே இருக்கும்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்பவர்களுக்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். சட்ட ஆலோசனையும் அதில் அடங்கும். வழக்கு வந்த பிறகுதான் போக வேண்டும் என்றில்லை. நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்கள், பத்திர நகலோடு வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகிக் கேட்கலாம்.

விற்பவர்களுக்கும் சில வார்த்தை

நேர்மையாக விற்க நினைப்பவரும் ஆவணம் இல்லாமல் நஷ்டப்படுகிறார். கூட்டுப் பட்டாவில் நிலம் கிடக்க, உட்பிரிவு செய்யாமல், சகோதரிகளிடம் பேசாமல் தரகரிடம் சொல்லிவிடுகிறார்கள். கேட்டு வருபவர் ஒவ்வொரு குறைக்கும் ஒரு தொகையைக் கழிப்பார். கடைசியில், குறையைத் தானே சரிசெய்துகொள்வதாகச் சொல்லும் ஒருவருக்குப் பொதுஅதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் யார் யாருக்கு விற்றார் என்று தெரியாமல் பிறகு சம்மனோடு நிற்க நேரும். விற்பதற்கு ஆறு மாதம் முன்பே வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், உட்பிரிவுப் பட்டா மூன்றையும் முடியுங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் கிரய நாள்வரை யாரிடமும் கொடுக்க வேண்டாம்; நகலை யார் கேட்டாலும் கொடுங்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆவண நகலைத் தந்து பத்து நாள் அவகாசம் கொடுக்க மறுப்பவர், முதலில் டோக்கன் போடுங்கள், பிறகு பத்திரம் காட்டுகிறோம் என்று சொல்பவர், எவ்வளவு நல்ல இடத்தை எவ்வளவு குறைந்த விலைக்குச் சொன்னாலும் அவரிடம் வாங்காதீர்கள்.